தாத்தா காலத்து வால்வு ரேடியோ: பிளக்கைச் சொருகுவதற்கு முன்...

கேள்வி: "என் மாமனார் குறுவை நெல் விற்ற பணத்தில் வாங்கிய மரப்பெட்டி ரேடியோ ஒன்று முப்பது வருடமாகப் பரணில் கிடந்தது. இப்போது கீழே இறக்கித் துடைத்து வைத்திருக்கிறோம். ஒயரும் பிளக்கும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கின்றன. பொங்கலுக்கு வரும் பேரப்பிள்ளைகளுக்குப் பாட வைத்துக் காட்ட ஆசை. கரண்ட் கொடுத்துப் பார்க்கலாமா?"
- வாசகி ஒருவர், மன்னார்குடி வட்டம்

பதில்: கொடுக்க வேண்டாம். 'ஒரு நிமிஷம் போட்டுத்தான் பார்ப்போமே' என்று பிளக்கைச் சொருகியதால் புகைந்துபோன நல்ல ரேடியோக்கள் ஏராளம். சில வகைப் பெட்டிகளில் ஆளுக்கே ஆபத்து உண்டு. பாடுமா என்று பார்ப்பது பிறகு. கை வைக்கத் தக்கதா என்று முதலில் பார்க்க வேண்டும்.

பல வருடம் ஓடாமல் கிடந்த கிணற்று மோட்டாருக்கு யாரும் எடுத்த எடுப்பில் ஸ்டார்ட்டரைப் போடுவதில்லை. கையால் சுற்றிப் பார்த்து, காயிலைச் சோதித்து, கண்டன்சரை மாற்றி, அப்புறம்தான் கரண்ட் கொடுப்பார்கள். வால்வு ரேடியோவுக்கும் அதே வரிசைதான்.

அந்தப் பெட்டிக்கு இவ்வளவு பாடுபடலாமா என்று வீட்டில் யாராவது கேட்டால், தாராளமாகப் படலாம் என்று சொல்லுங்கள். திருச்சி வானொலி நிலையம் 1939-ல் தொடங்கியது. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்ற குறுகிய கால ரகம் வந்தது. ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கிய ரகம் அது. திருச்சி வானொலியின் வேளாண் ஒலிபரப்பில் அதைப் பற்றிக் கேட்டுவிட்டுத்தான் தஞ்சை மாவட்டத்து விவசாயிகள் விதை கேட்டு வந்தார்கள். அதனால் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் விழுந்தது. மன்னார்குடிப் பக்கம் குறுவைப் பணத்தில் வாங்கிய ரேடியோ என்றால், அந்தச் செய்தியே அதன் வழியாக வீட்டுக்குள் வந்திருக்கலாம். தபால் ஆபீசில் பணம் கட்டி வாங்கிய ரேடியோ லைசென்ஸ் புத்தகம் எங்கேயாவது கிடந்தால் அதையும் எடுத்துப் பத்திரப்படுத்துங்கள். பேரப்பிள்ளைகள் அதையும் ஆச்சரியமாகப் பார்ப்பார்கள்.

முதலில் எந்த வகை என்று பாருங்கள்

வால்வு ரேடியோக்களில் மூன்று வகை உண்டு. வெளியே எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இருப்பதுதான் வேறு.

முதல் வகை, டிரான்ஸ்ஃபார்மர் உள்ள ஏ.சி. ரேடியோ. தூக்கினால் கனமாக இருக்கும். வீட்டுக் கரண்டுக்கும் உள்ளே இருக்கும் இரும்புத் தட்டுக்கும் (மெக்கானிக்குகள் சேஸிஸ் என்பார்கள்) நேரடித் தொடர்பு இருக்காது.

இரண்டாவது, ஏ.சி./டி.சி. ரேடியோ. சில ஊர்களில் டி.சி. கரண்ட் இருந்த காலத்தில் இரண்டிலும் ஓடட்டும் என்று செய்தது. டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. பிளக்கின் ஒரு முனை நேராகச் சேஸிஸுக்கே போகும். பிளக்கைத் திருப்பிப் போட்டால் சேஸிஸ் முழுவதும் 230 வோல்ட். குமிழைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூவைத் தொட்டாலே ஷாக் அடிக்கலாம்.

மூன்றாவது, பேட்டரி ரேடியோ. கரண்ட் வராத கிராமங்களில் இருந்தது. இதைப் பற்றித் தனியாக ஒரு கேள்வி வந்திருக்கிறது, கீழே பாருங்கள்.

வகையைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. பிளக் எதிலும் சொருகாமல் இருக்கும்போது பின்பக்க அட்டையைக் கழற்றி வால்வுகளின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள். நம் ஊர்ப் பெட்டிகளில் பெரும்பாலும் ஐரோப்பிய முறை எழுத்துகளே இருக்கும். இ.சி.எச். 81, இ.எல். 84 என்று ஆங்கில 'இ' எழுத்தில் தொடங்கினால் பொதுவாக டிரான்ஸ்ஃபார்மர் பெட்டி. யு.சி.எச். 81, யு.எல். 84 என்று 'யு'வில் தொடங்கினால் ஏ.சி./டி.சி. பெட்டி. டி.கே. 96, டி.எல். 96 என்று 'டி'யில் தொடங்கினால் பேட்டரி பெட்டி. எழுத்து அழிந்துவிடும் என்பதால் வால்வைத் துணியால் அழுத்தித் துடைக்காதீர்கள்.

எழுத்தை மட்டும் நம்பிவிடவும் வேண்டாம். 'இ' வால்வு போட்டும் சேஸிஸில் கரண்ட் ஏறுகிற பெட்டிகள் சில உண்டு. அதனால் பிளக்கைச் சொருகாமலே, ரேடியோ ஸ்விட்சை மட்டும் ஆன் நிலையில் வைத்து, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, பிளக்கின் ஒவ்வொரு பின்னுக்கும் சேஸிஸுக்கும் இடையே சோதிக்கச் சொல்லுங்கள். எதிலாவது தொடர்பு காட்டினால் அது கரண்ட் ஏறும் சேஸிஸ். சாணி மெழுகிய தரையோ ஈரத் தரையோ உள்ள வீட்டில், பிள்ளைகள் கை எட்டும் இடத்தில், அப்படிப்பட்ட பெட்டியை அப்படியே வைக்கவே கூடாது. வெளியே 230-க்கு 230 வோல்ட் ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றைப் போட்டு அதன் வழியாக மட்டும் ஓட்டலாம். பின்பக்க அட்டையும் எல்லாக் குமிழ்களும் இருந்தே ஆக வேண்டும்.

சிவகாசிப் பட்டாசு மாதிரி வெடிப்பது எது?

வயதானால் முதலில் கெடுவது வால்வு என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் முதலில் கெடுவது கண்டன்சர். மோட்டார் கண்டன்சர் உப்பி எண்ணெய் கசிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியோவுக்குள் இருப்பதும் அதன் தம்பிதான்.

இரண்டு வகைக் கண்டன்சர்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, அலுமினிய டப்பா போல நிற்கும் ஃபில்டர் கண்டன்சர். உள்ளே இருக்கும் ரசாயனக் கலவை வருடக்கணக்கில் காய்ந்து கெட்டுப்போயிருக்கும். திடீரென்று முழு வோல்ட்டேஜ் கொடுத்தால் சூடேறி வெடிக்கலாம். இல்லாவிட்டால் ஷார்ட்டாகி, ரெக்டிஃபையர் வால்வையும் டிரான்ஸ்ஃபார்மரையும் கூட்டிக்கொண்டு போய்விடும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் காயிலைப் புதிதாகச் சுற்ற வேண்டும். சில நூறு ரூபாயில் முடிய வேண்டிய வேலை அங்கேதான் பெருஞ்செலவாகிறது.

இரண்டாவது, மெழுகு பூசிய காகிதக் கண்டன்சர்கள். நம் ஊர் ஈரக்காற்றில் இவை கசியாமல் இருப்பது அபூர்வம். அதிலும் ஸ்பீக்கரை ஓட்டும் அவுட்புட் வால்வுக்கு முன்னால் உள்ள ஒரு கண்டன்சர் மிக முக்கியமானது. அது கசிந்தால் அவுட்புட் வால்வு அளவுக்கு மீறிக் கரண்டை இழுத்துக் கொதிக்கும். ரேடியோ கொஞ்ச நேரம் நன்றாகப் பாடி, பிறகு கரகரத்து, கடைசியில் எரிந்த வாடை வருவது பெரும்பாலும் இதனால்தான். மற்றதை மாற்றாவிட்டாலும் இதை மாற்றாமல் கரண்ட் கொடுக்கவே கூடாது.

பழுது பார்க்கும் வரிசை

ரேடியோவின் உள்வேலை கரண்ட் தெரிந்தவர் செய்ய வேண்டியது. உள்ளே 250 வோல்ட் டி.சி. வரை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டன்சரில் அது தங்கியிருக்கும். பழைய ரேடியோ மெக்கானிக் பக்கத்து டவுனில் இன்னும் ஒருவராவது இருப்பார். கடை மூடியிருந்தாலும் ஆள் இருப்பார். அவரிடம் கொண்டுபோனாலும், என்ன செய்யப் போகிறார் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

1. எதையும் கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த வால்வு எந்தக் குழியில் இருந்தது என்று தெரிய வேண்டும். வால்வை ஆட்டாமல் நேராக மேலே இழுக்க வேண்டும்.

2. எலிக்கூடு, குளவிக்கூடு, தூசி எல்லாவற்றையும் உலர்ந்த பெயிண்ட் பிரஷால் தட்டி எடுங்கள். தண்ணீர் கூடாது. எலி கடித்த ஒயர்களைக் குறித்து வையுங்கள்.

3. வால்வுக் கண்ணாடியின் உள்பக்கம் வெள்ளி பூசியது போல ஒரு திட்டு இருக்கும். வெள்ளியாகவோ கருப்பாகவோ இருந்தால் நல்லது. பால் போல வெளுத்திருந்தால் காற்று புகுந்துவிட்டது. அந்த வால்வு வேலைக்கு ஆகாது.

4. மெயின் ஒயரைப் புதிதாக மாற்ற வேண்டும். பார்வைக்கு நன்றாக இருந்தாலும் பழைய ரப்பர் உறை வளைத்தால் பொடியாக உதிரும். டிரான்ஸ்ஃபார்மர் பெட்டிக்கு மூன்று கோர் ஒயர் போட்டு, எர்த்தைச் சேஸிஸில் இணைக்கலாம். ஏ.சி./டி.சி. பெட்டியில் எர்த்தைச் சேஸிஸில் இணைக்கவே கூடாது. சில ஏ.சி./டி.சி. பெட்டிகளில் மெயின் ஒயரே ரெசிஸ்டன்ஸாக வேலை செய்யும்; தொட்டால் சூடாக இருக்கும். அதை வெட்டிச் சுருக்கினால் வால்வுகள் எரிந்துவிடும்.

5. பின்னால் வோல்ட்டேஜ் மாற்றும் பலகை இருந்தால் அதை 240, 245 போன்ற உயர்ந்த எண்ணில் வையுங்கள். இரவில் பம்ப்செட்டுகள் நின்றதும் கிராமத்து லைனில் வோல்ட்டேஜ் ஏறுவது எல்லோருக்கும் தெரிந்ததே.

6. ஃபில்டர் கண்டன்சரையும் காகிதக் கண்டன்சர்களையும் மாற்ற வேண்டும். காகிதக் கண்டன்சருக்குப் பதிலாக அதே அளவில் 630 வோல்ட் ஃபிலிம் கண்டன்சர் போதும். ஃபில்டரில் 32 மைக்ரோஃபாரட் இருந்தால் 33 அல்லது 47, 450 வோல்ட்டில் போடலாம். 'பெரிதாகப் போட்டால் நன்றாகப் பாடும்' என்று 220 போடக் கூடாது. ரெக்டிஃபையர் வால்வு தாங்காது. பிளஸ், மைனஸ் மாறினால் வெடிக்கும். மைக்கா, செராமிக் கண்டன்சர்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவற்றைத் தொட வேண்டாம். இந்தப் பாகங்கள் எல்லாம் இன்றும் எலெக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைப்பவைதான். சென்னை ரிச்சி தெருவுக்கு யாராவது போனால் பட்டியல் எழுதிக் கொடுத்தனுப்பலாம்.

7. பழைய பெட்டிகள் பலவற்றில் ஃபியூஸ் இருக்காது. அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று சேர்க்கச் சொல்லுங்கள்.

8. இனிதான் கரண்ட். அதுவும் நேராக அல்ல. 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு ஒன்றை சீரியஸில் போட்டுக் கொடுக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து மெல்ல மங்கினால் நல்லது. மங்காமல் பளிச்சென்றே நின்றால் உள்ளே ஷார்ட். உடனே அணைத்துவிட வேண்டும். எரிவது பல்பு, காப்பாற்றப்படுவது டிரான்ஸ்ஃபார்மர்.

வால்வு சூடாக அரை நிமிடம் ஆகும். அதுவரை சத்தம் வராது. அவசரப்பட்டுக் குமிழைத் திருக வேண்டாம். ஏ.சி./டி.சி. பெட்டியில் எந்த வால்வும் எரியவில்லை என்றால் எல்லாம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். திருவிழா சீரியல் பல்பு மாதிரி எல்லா வால்வு இழைகளும் ஒரே சங்கிலியில் இருக்கும். ஒன்று போனால் எல்லாம் இருட்டு.

கடைசியாக ஒன்று. உள்ளே அலுமினிய டப்பாக்களின் தலையில் திருகு போல இருப்பவற்றைத் திருப்பிப் பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அவை ஸ்டேஷன் பிடிப்பதற்காக ஃபேக்டரியில் அளந்து வைத்தவை. லூசாக இருக்கிறது என்று முறுக்கினால், கருவி இல்லாமல் திரும்பக் கொண்டுவர முடியாது.

பெட்டிக்குச் செய்ய வேண்டியது

வீட்டில் உள்ளவர்கள் பயமில்லாமல் செய்யக் கூடிய வேலை இதுதான். ஸ்டேஷன் பெயர் எழுதிய டயல் கண்ணாடியின் முன்பக்கத்தை மட்டும் துடையுங்கள். எழுத்து பின்பக்கம் அச்சடித்திருக்கும். ஈரத் துணி பட்டால் கொழும்பும் டெல்லியும் துணியோடு வந்துவிடும். முள் நகராவிட்டால் டயல் நூல் அறுந்திருக்கும். மீன் பிடிக்கும் முறுக்கு நூல் பொருந்தும். ஸ்பீக்கர் காகிதம் கிழிந்திருந்தால் மெல்லிய டிஷ்யூ காகிதத்தைப் பசையில் நனைத்து ஒட்டலாம். மரத்தில் கரையான் இருந்தால் முதலில் சேஸிஸையும் ஸ்பீக்கரையும் வெளியே எடுத்துவிட்டு, பெட்டிக்கு மட்டும் மருந்தடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு அரக்கு பாலிஷ் கொடுங்கள். பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். பழைய பாலிஷின் நிறம்தான் அதற்கு அழகு.

கேள்வி: "எங்கள் கிராமத்துக்கு கரண்ட் வருவதற்கு முன் அப்பா வாங்கிய ரேடியோ இருக்கிறது. பின்னால் பிளக் இல்லை. நாலைந்து துளையுள்ள ஒரு கட்டை மட்டும் தொங்குகிறது. ஒரு அடாப்டர் வாங்கி மாட்டினால் ஓடுமா?"
- வாசகர் ஒருவர், தாராபுரம் வட்டம்

பதில்: சாதாரண அடாப்டர் எதுவும் ஆகாது. வீட்டுக் கரண்டை நேராகக் கொடுத்தால் அந்த நிமிடமே எல்லா வால்வும் போய்விடும். உங்களுடையது உலர் பேட்டரியில் ஓடிய பெட்டி. செங்கல் போலக் கனமான ஒரு பேட்டரி பேக் அதில் இருந்திருக்கும். அதற்குள் இரண்டு பேட்டரிகள். வால்வின் இழையைச் சூடாக்க 1½ வோல்ட். வால்வு வேலை செய்ய, பெரும்பாலான பெட்டிகளில் 90 வோல்ட், சிலவற்றில் 67½ வோல்ட். உங்கள் பெட்டிக்கு எது என்று உள்ளே ஒட்டியிருக்கும் தாளில் எழுதியிருக்கும்.

அந்த பேக் இப்போது கடையில் கிடைக்காது. ஆனால் செய்துகொள்ளலாம். பத்து 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாக இணைத்தால் 90 வோல்ட். பெரிய டார்ச் செல் இரண்டை பேரலலாக இணைத்தால் 1½ வோல்ட்டே நிற்கும், அதிக நாள் வரும். இந்த வகை ரேடியோ மிகக் குறைந்த கரண்டிலேயே ஓடும். தினம் ஒரு மணி நேரம் கேட்டால் சில வாரங்கள் தாங்கும்.

கவனிக்க வேண்டியது ஒன்றுதான். 90 வோல்ட் ஒயர் தவறி 1½ வோல்ட் இடத்தில் பட்டால், தலைமுடியைவிட மெல்லிய இழைகள் அத்தனையும் ஒரே நொடியில் அறுந்துவிடும். அதனால் கட்டையில் எந்தத் துளை எதற்கு என்று ஒயரைத் தொடர்ந்து பார்த்து உறுதி செய்யாமல் இணைக்க வேண்டாம். 90 வோல்ட் டி.சி. கையிலும் அடிக்கும். இதிலும் கசிந்த காகிதக் கண்டன்சர்களை முதலில் மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் புது பேட்டரி வீணாகக் காலியாகும். மற்றபடி, கரண்ட் ஷாக்குக்குப் பயந்து கை வைக்கத் தயங்குகிறவர்களுக்கு மூன்று வகையிலும் பயம் குறைந்தது இதுதான்.

கேள்வி: "வால்வு ரேடியோவைச் சரி செய்துவிட்டோம். ஆனால் பாட்டைவிட இரைச்சல்தான் அதிகம். 'டிக் டிக்' என்றும் ஒரு சத்தம் வருகிறது. இன்னும் ஏதாவது பழுதா?"
- வாசகர் ஒருவர், சிவகிரி

பதில்: பழுது ரேடியோவில் இல்லாமல், வீட்டிலும் தோட்டத்திலும் இருக்கலாம். இந்த ரேடியோ செய்த காலத்தில் எல்.இ.டி. பல்பு இல்லை, செல்போன் சார்ஜர் இல்லை, இன்வெர்ட்டர் இல்லை, சோலார் பம்ப் கன்ட்ரோலர் இல்லை. இவை எல்லாமே மத்திய அலையில் இரைச்சலைப் பரப்பக் கூடியவை. நொடிக்கு ஒரு தரம் 'டிக்' என்று கேட்டால் அது பெரும்பாலும் பன்றி, மாடு தடுக்கப் போட்ட பேட்டரி மின்வேலியின் துடிப்பு. வேலியில் செடி உரசும் இடங்களைச் சுத்தம் செய்தாலே அது குறையும்.

சோதிக்க ஒரு வழி: பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை அதே ஸ்டேஷனில் வைத்துக்கொண்டு, வீட்டு மெயினை இறக்குங்கள். இரைச்சல் நின்றால் காரணம் வீட்டுக்குள்தான். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தால் ஆள் அகப்படும்.

அடுத்தது ஏரியல். பலர் இரண்டடி ஒயரைத் தொங்கவிட்டு விட்டுவிடுகிறார்கள். வீட்டுக்கும் தென்னைக்கும் நடுவே பத்துப் பதினைந்து மீட்டர் ஒயரை, இரு முனையிலும் பீங்கான் கட்டை வைத்து உயரமாகக் கட்டினால் வித்தியாசம் தெரியும். மின் கம்பிக்கு மேலேயோ கீழேயோ பக்கத்திலோ கட்டவே கூடாது. இடி மழை வரும்போது ஏரியலைக் கழற்றி வெளியே போட்டுவிட வேண்டும்.

ஏ.சி./டி.சி. பெட்டி வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும். அந்தப் பெட்டிகளில் ஏரியல் துளைக்கும் கரண்ட் ஏறிய சேஸிஸுக்கும் நடுவே காவலாக நிற்பது ஒரே ஒரு சின்னக் கண்டன்சர். அது கசிந்தால் மாடியில் கட்டிய ஏரியல் ஒயரில் கரண்ட் இருக்கும். துணி காயப்போடுகிறவருக்கு அது ஏரியல் என்றும் தெரியாது, கரண்ட் இருக்கிறது என்றும் தெரியாது. இந்தக் கண்டன்சரை, 'ஒய்' வகுப்பு என்று குறித்திருக்கும் பாதுகாப்புக் கண்டன்சராக மாற்றிய பிறகே ஏரியல் கட்டுங்கள். அதேபோல், பின்னால் கிராமபோனுக்கு இருக்கும் துளையில் செல்போனை ஒயர் போட்டு இணைத்துப் பாட்டுக் கேட்கப் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். எர்த் போட்ட டிரான்ஸ்ஃபார்மர் பெட்டியில் மெக்கானிக்கைக் கொண்டு இணைத்துக்கொள்ளலாம். ஏ.சி./டி.சி. பெட்டியில் ஒருபோதும் கூடாது. செல்போனைக் கையில் பிடித்தால் கரண்டைப் பிடித்த மாதிரி.

கேள்வி: "பழைய வால்வு ரேடியோவில் 'சிவப்புப் பாதரசம்' இருப்பதாகச் சொல்லி இரண்டு பேர் வந்தார்கள். பல லட்சம் தருவதாகவும், சோதனைச் செலவுக்கு முதலில் பணம் கட்ட வேண்டும் என்றும் சொல்கிறார்கள். கட்டலாமா?"
- வாசகர் ஒருவர், செங்கம்

பதில்: ஒரு ரூபாயும் கட்ட வேண்டாம். வீட்டு ரேடியோ வால்வுக்குள் இருப்பது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடமும், நிக்கல், டங்ஸ்டன் போன்ற உலோகத் துண்டுகளும்தான். உள்ளே தெரியும் வெள்ளித் திட்டு, மிச்சம் இருக்கும் காற்றை இழுத்துக்கொள்ளப் பூசிய பேரியம். சில பழைய பிலிப்ஸ் வால்வுகளின் வெளியே சிவப்பாக இருக்கும். அது மேலே பூசிய பூச்சு. லட்சம் பெறும் பொருள் எதுவும் உள்ளே இல்லை.

இந்தக் கதை நம் ஊருக்கு மட்டும் வந்ததல்ல. 2009-ல் சவூதி அரேபியாவில் பழைய சிங்கர் தையல் மிஷினில் சிவப்புப் பாதரசம் இருக்கிறது என்று வதந்தி கிளம்பி, ஜனங்கள் தாறுமாறான விலை கொடுத்துப் பழைய மிஷின்களை வாங்கினார்கள். மிஷினில் ஒன்றும் இல்லை. இங்கே வருகிறவர்களின் தந்திரமும் பழையதுதான். பொருளுக்கு விலை பேசுவார்கள். ஆனால் பணம் உங்கள் கையிலிருந்துதான் முதலில் போகும். ஆன்லைனில் ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குச் சொல்ல வேண்டும். நேரில் கொடுத்தவர்கள் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

இதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. வதந்தியை நம்பி வால்வுகளைப் பிடுங்கி உடைத்துப் பார்த்தவர்கள் உண்டு. உடைந்த வால்வுக்கு ஜோடி தேடுவது சிரமம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் இந்த ரேடியோக்களுக்கு வால்வு செய்து கொடுத்தது. இப்போது பழைய இருப்பில் தேடித்தான் வாங்க வேண்டும்.

மன்னார்குடி வாசகிக்கு இன்னும் ஒரு வார்த்தை

சரி செய்த பிறகு இதில் என்ன கேட்கலாம் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். இந்தப் பெட்டிகளில் எஃப்.எம். வராது. திருச்சி மத்திய அலை 936 கிலோஹெர்ட்ஸ், சென்னை 720, மதுரை 1269, திருநெல்வேலி 1197, கோவை 999. உங்கள் வீட்டில் எது எந்த நேரத்தில் எடுக்கிறது என்று ஒரு டிரான்சிஸ்டர் ரேடியோவில் இப்போதே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். எதுவுமே எடுக்கவில்லை என்றால் செலவைத் தொடங்கும் முன் யோசிக்கலாம். பகலில் பக்கத்து நிலையம்தான் வரும். பொழுது சாய்ந்த பிறகு தூரத்து நிலையங்களும் வரத் தொடங்கும்.

பொங்கலுக்குள் மெக்கானிக் முடித்துத் தராவிட்டாலும் அவசரப்படுத்த வேண்டாம். பேரப்பிள்ளைகள் வரும்போது பின்பக்க அட்டையைக் கழற்றி, பிளக் சொருகாமலே, வால்வுகளைக் காட்டுங்கள். அவர்கள் தாத்தா எதைக் கேட்டு எந்த நெல்லை விதைத்தார் என்று சொல்லுங்கள். பெட்டி அடுத்த பொங்கலுக்குப் பாடட்டும். முப்பது வருடம் பரணில் பொறுத்திருந்தது, இன்னும் ஒரு வருடம் பொறுக்காதா?